பூக்கமிஷன் கடை ஆப்: பதிவுப் படிவத்துல ரோல் எங்க சேர்க்கிறது?

மல்லிக்கணக்கு | செவ்வாய், இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல ஒரு கமிஷன் கடைக்கு வெப் ஆப் செஞ்சுக்கிட்டு இருக்கேன். லாராவெல் (பிஎச்பி மொழியில வெப் ஆப் கட்டுற ஃப்ரேம்வொர்க்), மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். இன்னும் லைவ் போகல. இப்போதைக்கு முதலாளி ஒருத்தருக்கு மட்டும்தான் லாகின்.

அவர் இப்ப கேக்குறது இதுதான். பூ கொண்டுவர்ற விவசாயி தன்னோட சிட்டைய போன்லயே பார்க்கணும். பூ எடுக்குற வியாபாரி தன் பாக்கியப் பார்க்கணும். கணக்குப்பிள்ளை எடை பதிஞ்சு சிட்டை எழுதணும். விலையத் திருத்துறது, கமிஷன் கழிவை மாத்துறது, முன்பணம் குடுக்குறது இதெல்லாம் முதலாளி மட்டும்.

ஆக நாலு ரோல், அதாவது யாரு எதைச் செய்யலாம்ங்கிற வகை. பிரீஸ் (லாராவெலோட ரெடிமேட் லாகின் தொகுப்பு) குடுத்த ரெஜிஸ்டர் பக்கத்துல ஒரு டிராப்டவுன் வச்சு, யூசர்ஸ் டேபிள்ல ரோல்னு ஒரு ஃபீல்டு சேர்த்துட்டேன். வேலை செய்யுது. ஆனா சில பேரு ஸ்பாட்டி பேக்கேஜ் (ரோல், அனுமதிக்குன்னு இருக்குற ரெடிமேட் கோடு) போடுங்குறாங்க, சில பேரு தனி டேபிள் வைங்குறாங்க. எது சரி? பின்னாடி மாத்துறது கஷ்டம்னா இப்பவே செஞ்சுடலாம்னு பார்க்குறேன்.

வைகைவடகரை | செவ்வாய், இரவு 10:15

தம்பி, டேபிள் ஒண்ணா ரெண்டாங்கிறதை அப்புறம் பேசுவோம். மொதல்ல ரெண்டு விஷயம் சொல்லுங்க. யூசர் மாடல்ல ஃபில்லபிள்ல (வெளிய இருந்து வர்றதை மொத்தமா எழுத அனுமதிக்குற ஃபீல்டு பட்டியல்) என்னென்ன இருக்கு? ரெஜிஸ்டர் கன்ட்ரோலர்ல கிரியேட்டுக்கு என்ன குடுக்குறீங்க?

மல்லிக்கணக்கு | செவ்வாய், இரவு 10:21

ஃபில்லபிள்ல பேரு, போன், பாஸ்வேர்டு, ரோல் நாலும் இருக்குண்ணே. கிரியேட்டுக்கு ரிக்வெஸ்ட்-ஆல், அதாவது படிவத்துல இருந்து வர்றது எல்லாம், அப்படியே போகுது.

வைகைவடகரை | செவ்வாய், இரவு 11:03

நெனச்சேன். இந்த நிலைமையில அந்தக் கடைக்கு யாரு வேணும்னாலும் முதலாளி ஆகலாம். பிரவுசர்ல இன்ஸ்பெக்ட் திறந்து, டிராப்டவுன்ல விவசாயிங்கிற ஆப்ஷனோட மதிப்பை முதலாளின்னு மாத்தி சப்மிட் அடிச்சா உங்க கோடு அதை வாங்கி அப்படியே எழுதிடும். டிராப்டவுனையே எடுத்துட்டாலும் தப்பிக்க முடியாது. படிவத்துல இல்லாத ஃபீல்டைக்கூட ரிக்வெஸ்ட்ல சேர்த்து அனுப்பலாம். ஃபில்லபிள்ல ரோல் இருக்குற வரைக்கும் அது உள்ள போயிடும்.

இதுக்கு மாஸ் அசைன்மென்ட்னு பேரு. 2012 மார்ச்சுல, கோடு வச்சுக்குற தளமான கிட்ஹப்புலயே நடந்தது. யெகோர் ஹோமகோவ்ங்கிறவரு, எஸ்எஸ்ஹெச் பப்ளிக் கீ (ஒரு கணக்கு வழியா கோடு எழுத விடுற சாவி) சேர்க்குற படிவத்துல வேற ஒருத்தரோட யூசர் ஐடியையும் சேர்த்து அனுப்பினாரு. தன் கீ ரெயில்ஸ் (ரூபி மொழி ஃப்ரேம்வொர்க்) குழுக்காரர் ஒருத்தரோட கணக்குல ஒட்டிக்கிச்சு. அதை வச்சு ரெயில்ஸ் ரெப்பாசிட்டரியிலயே ஒரு கமிட் (கோடு மாற்றம்) போட்டுக் காட்டினாரு. அதுக்கு முன்னாடி, ஃப்ரேம்வொர்க்கே இதைத் தடுக்கணும்னு அவரு இஷ்யூ போட்டப்ப, அது டெவலப்பர் பார்த்துக்க வேண்டியதுன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் 2013-ல வந்த ரெயில்ஸ் 4 ஸ்ட்ராங் பாராமீட்டர்ஸை (எந்த ஃபீல்டை ஏத்துக்கலாம்னு கோடுலயே சொல்லுற முறை) தன்னோடயே கொண்டுவந்துச்சு.

லாராவெல்ல செய்ய வேண்டியது: ரோலை ஃபில்லபிள்ல இருந்து எடுங்க. ரிக்வெஸ்ட்-ஆல் வேண்டாம், வேலிடேட்டட், அதாவது சரிபார்ப்புல தேறின ஃபீல்டுகளை மட்டும் எடுங்க. வேலிடேஷன்ல இன் விதி (பட்டியல்ல இருக்குற மதிப்பை மட்டும் ஏத்துக்குறது) போட்டு விவசாயி, வியாபாரி ரெண்டை மட்டும் ஏத்துக்கங்க. அப்புறம் ரோலைத் தனி வரியில நீங்களே எழுதுங்க. ஒரு எச்சரிக்கை: ஃபில்லபிள்ல இல்லாத ஃபீல்டை லாராவெல் சத்தமில்லாம தூக்கிப் போட்டுரும், எரர் வராது. "ஏன் ரோல் சேவ் ஆகல"ன்னு தலையப் பிச்சுக்காம இருக்க, டெவலப்மென்ட் மெஷின்ல மட்டும் பிரிவென்ட்-சைலன்ட்லி-டிஸ்கார்டிங்-ஆட்ரிபியூட்ஸ் (அப்படித் தூக்கிப் போட்டா எரர் காட்டுற வசதி) ஆன் பண்ணி வைங்க.

சிம்மக்கல்வாசி | புதன், காலை 7:10

வடகரையார் சொன்னது சரி. அதைத் திருத்தினதும் வேலை முடிஞ்சுது. ஸ்பாட்டி எல்லாம் எதுக்கு? அது ரோல், பர்மிஷன், ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு, மாடலுக்கு ரெண்டுன்னு அஞ்சு டேபிள் போடும். நாலு ரோலுக்கு அஞ்சு டேபிளா? கோழி அடிக்கக் குறுந்தடியா? பிஎச்பி 8.1-லயே ஈனம் (enum, குறிச்ச சில மதிப்புகளை மட்டும் ஏத்துக்குற வகை) வந்துருச்சு. ரோல்னு ஒரு ஈனம், மாடல்ல ஒரு காஸ்ட் (cast, டேபிள் மதிப்பை அந்த வகைக்கு மாத்துறது), முடிஞ்சுது. நாளைக்கே லைவ் போகலாம். கடைக்காரர் வைகாசி முகூர்த்தத்துக்குள்ள வேணும்னு நிப்பாரு, நீங்க உக்காந்து ஆர்க்கிடெக்சர் வரைஞ்சுக்கிட்டு இருப்பீங்க.

மண்டிக்காரர்மகன் | புதன், காலை 8:35

கோடிங் எனக்கு அரைகுறை. ஆனா பூக்கமிஷன் கடையிலயே வளர்ந்தவன், அதனால ஒரு விஷயம் சொல்றேன்.

ஒரு ஆளுக்கு ஒரு ரோல்ங்கிறது மண்டியில நிக்காது. உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து பூ கொண்டுவர்றவரு விவசாயி. சொந்தத் தோட்டத்துப் பூவோட அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பூவையும் சேர்த்துக் கட்டிக் கொண்டாருவாரு. சிட்டை அவரு பேர்ல ஒண்ணு, அவங்க பேர்ல ஒண்ணு. முகூர்த்த நாள்ல வெளியூர் ஆர்டரை ஒத்துக்கிட்டாருன்னா, தன் பூ பத்தாம அதே மார்க்கெட்ல பூ எடுப்பாரு. அப்ப அவரு வியாபாரி, அவருக்குப் பாக்கி நிக்கும். எங்க கணக்குப்பிள்ளைக்கே அரை ஏக்கர் மல்லி இருக்கு. அவரு பூவும் எங்க கடைக்குத்தான் வருது. உங்க ஃபீல்டுல அவரை என்னன்னு எழுதுவீங்க? கணக்குப்பிள்ளைன்னா அவரோட சொந்தச் சிட்டைய எங்க பார்ப்பாரு? விவசாயின்னா எடை எப்படிப் பதிவாரு?

இன்னொண்ணு. ஒரு கடையில ஆப் ஓடுதுன்னா பக்கத்துக் கடைக்காரர் அதே மாசம் வந்து நிப்பாரு, எனக்கும் போட்டுக்குடுன்னு. விவசாயிங்கள்ல பல பேரு மல்லிய ஒரு கடைக்கும் சம்பங்கி, அரளிய இன்னொரு கடைக்கும் போடுறவங்க. போன் நம்பர் ஒண்ணுதான், கடை ரெண்டு.

சிம்மக்கல்வாசி | புதன், காலை 8:52

ரெண்டாவது கடை வரும்போது பார்த்துக்கலாம். வராத விருந்தாளிக்கு இலை போடாதீங்க. ஆனா அந்தக் கணக்குப்பிள்ளை கேள்வி நல்ல கேள்வி, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

வைகைவடகரை | புதன், மதியம் 1:20

மண்டிக்காரர்மகன் சொன்னது இந்த இழையில இதுவரைக்கும் வந்ததுலயே முக்கியமான தகவல். அதுல இருந்து டிசைன் தானா வருது. ரோல் ஆளோட குணம் இல்ல, அந்த ஆளுக்கும் அந்தக் கடைக்கும் உள்ள உறவு. அதனால யூசர்ஸ் டேபிள்ல ரோலே வேண்டாம். அங்க பேரு, போன் இருந்தாப் போதும்.

நடுவுல ஒரு டேபிள் வைங்க: யூசர், கடை, ரோல், எப்ப இருந்து, எதுவரைக்கும், சேர்த்துவிட்டவர் யாரு. அந்தக் கணக்குப்பிள்ளைக்கு ஒரே கடையில ரெண்டு வரி இருக்கும். ஆறு ஃபீல்டு, ஒரு மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை உருவாக்குற கோடு), இதுல குறுந்தடி எதுவும் இல்ல சிம்மக்கல்லாரே. இன்னைக்கு ஒரு கடைதான்னாலும் கடை ஐடி இருக்கட்டும். பின்னாடி ஓடுற டேபிள்ல அதைச் சொருகுறதுதான் கண்ணீர் வரவைக்கும்.

யூனிக் இன்டெக்ஸ் மறக்காதீங்க, இல்லைன்னா ஒரே ஆளுக்கு ஒரே ரோல் ரெண்டு தடவை ஏறும். வேலைய விட்டுட்டுத் திரும்ப வர்றவங்களுக்குப் புது வரி போடப்போறீங்கன்னா, இன்டெக்ஸ்ல தொடக்கத் தேதியும் சேரணும். கணக்குப்பிள்ளை கடை மாறிட்டாருன்னா வரிய அழிக்காதீங்க, முடிவுத் தேதி போடுங்க. போன வருஷச் சிட்டைய எழுதினது யாருன்னு கேள்வி வந்தா பதில் வேணும்ல.

ஸ்பாட்டிதான் வேணும்னா அதுல டீம்ஸ்னு வசதி இருக்கு, கடையை டீமா வச்சுக்கலாம். ஆனா கான்ஃபிக்ல அதை ஆன் பண்ணிட்டுத்தான் மைக்ரேஷன் ஓட்டணும். அப்புறம் அந்தப் பேக்கேஜ் ரோல், பர்மிஷன் பட்டியலை கேஷ்ல (தற்காலிக நினைவுல) வச்சுக்கும், இயல்பா 24 மணி நேரம். அதோட ஃபங்ஷன் வழியா மாத்தினா கேஷ் தானா அழியும். நீங்க பிஎச்பிமைஅட்மின்ல போயி நேரா டேபிள்ல கைவச்சா அழியாது. "டேபிள்ல சரியா இருக்கு, ஆப்ல மட்டும் வேலை செய்யல"ன்னு வர்ற கேள்விகள்ல பாதி இதுதான்.

பிச்சிப்பூ | புதன், மாலை 6:48

இலந்தைக்குளம் ஐடி பார்க்ல டெஸ்டரா இருக்கேன். தம்பி, ரோல் சரியா வச்சுட்டீங்கன்னே வைங்க. நான் ஒரு விவசாயியா லாகின் பண்றேன். என் சிட்டையத் திறந்தா மேல யூஆர்எல்ல 412-ன்னு இருக்கு. அதை 413 ஆக்கி என்டர் தட்டுறேன். என்ன வரும்?

மல்லிக்கணக்கு | புதன், மாலை 6:55

அக்கா... அடுத்தவங்க சிட்டை வரும். மிடில்வேர்ல (பக்கம் திறக்குறதுக்கு முன்னாடி ஓடுற சரிபார்ப்பு) விவசாயியான்னு மட்டும்தான் பார்க்குறேன்.

பிச்சிப்பூ | புதன், இரவு 7:30

அதேதான். மிடில்வேர் "இவரு விவசாயியா"ன்னு கேக்குது, ஆமான்னு பதில் வருது, கதவு திறந்துருது. "இந்தச் சிட்டை இவரோடதா"ன்னு யாருமே கேக்கல. பதிவுல ரோல் சேர்க்கிறதைப் பத்தி நெட்ல கிடைக்கிற பாடங்கள் எல்லாம் மொதக் கேள்வியோட நின்னுடுது. 2017-ல ஓவாஸ்ப் (வெப் பாதுகாப்பு அமைப்பு) டாப் 10 பட்டியல்ல அஞ்சாவது இடத்துல இருந்த ஆக்சஸ் கன்ட்ரோல் ஓட்டை 2021 பட்டியல்ல மொத இடத்துக்கு வந்துச்சு. இப்படி நம்பர் மாத்திப் பார்க்குறதும் அதுல ஒண்ணு, இதுக்குப் பெரிய ஹேக்கிங் எல்லாம் வேண்டாம்.

உங்க ஆப்ல இது வெறும் டேட்டா லீக் இல்ல. ஒரே ஊர்ல இருந்து பத்து பேரு அந்தக் கடைக்குப் பூ போடுவாங்க. யாருக்கு எம்புட்டு முன்பணம் நிக்குது, ஒரே நாள்ல யாரு பூவுக்கு என்ன விலை போட்டாங்கன்னு தெரிஞ்சா மறுநாள் விடியக்காலையில கடை வாசல்ல பஞ்சாயத்துதான். முதலாளி உங்களைத்தான் கூப்பிடுவாரு.

செய்முறை சுலபம். சிட்டைய ஐடி வச்சு நேராத் தேடாதீங்க. லாகின் ஆனவரோட சிட்டைகள்ங்கிற ரிலேஷன் வழியா ஃபைண்ட்-ஆர்-ஃபெயில் (கிடைக்கலைன்னா 'இல்லை'ங்கிற 404 பக்கம் காட்டுறது) போடுங்க. அடுத்தவரோடதுன்னா 404 வரும், அப்படி ஒரு சிட்டை இருக்குன்னுகூட அவருக்குத் தெரியாது. கணக்குப்பிள்ளைக்கும் முதலாளிக்கும் பாலிசி (இந்தச் சிட்டைய இவரு தொடலாமாங்கிற விதி) எழுதுங்க, அதுல கடை ஐடியைச் சரிபாருங்க.

இன்னொரு பொறி. கேட்-பிஃபோர்ல (பாலிசிக்கு முன்னாடியே ஓடுற சரிபார்ப்பு) "முதலாளின்னா ட்ரூ"ன்னு ஒரு வரி எழுதுறது எல்லாருக்கும் பழக்கம். ஒரு கடை இருக்குற வரைக்கும் சரி. ரெண்டாவது கடை வந்த அன்னைக்கு, இந்தக் கடை முதலாளி அந்தக் கடை லாபத்தைப் பார்ப்பாரு. அந்த வரி கடையைப் பார்க்காது, ரோலை மட்டும்தான் பார்க்கும்.

டெஸ்ட் எழுதும்போது அனுமதி இருக்குறவரை மட்டும் வச்சு எழுதாதீங்க. ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்துக் கடை ஆள் ஒருத்தரையும் அதே ஊர் விவசாயி ஒருத்தரையும் நுழைய விட்டுப் பாருங்க. உள்ள போனா டெஸ்ட் ஃபெயில்.

மல்லிக்கணக்கு | புதன், இரவு 9:05

நோட் பண்ணிக்கிட்டேன் அக்கா. இப்ப ஒரு சிக்கல். கடையில ஏற்கெனவே பேரேடு இருக்கு, அதை எக்செல்ல இருந்து ஏத்திட்டேன். விவசாயி பேரு, ஊரு, சில பேருக்கு போன் நம்பர். இவங்க யாருக்கும் லாகின் கிடையாது. இப்ப ஒருத்தர் விவசாயின்னு பதிவு பண்ணா, அவரைப் பேரேட்டுல இருக்குற பேரோட எப்படி இணைக்கிறது? ஓடிபி லாகின்தான் வைக்கப்போறேன், ஈமெயில் யாருக்கும் கிடையாது. போன் நம்பர் ஒத்துப்போனா தானா இணைச்சுடலாமா?

மண்டிக்காரர்மகன் | புதன், இரவு 10:12

வேண்டாம்யா. பேரேட்டுல இருக்குற போன் நம்பர் பாதிப் பேருக்கு அவங்க நம்பரே இல்ல. பையன் நம்பர், மருமகன் நம்பர், பூ ஏத்திவர்ற வேன்காரர் நம்பர்கூட இருக்கும். வேன்காரர் நம்பர் அவரு வண்டியில பூ ஏத்துற எல்லாருக்கும் எழுதியிருக்கும். அவரு பதிவு பண்ணாருன்னா அத்தனை பேர் கணக்கும் அவருக்குத் திறந்துரும்.

பேரை வச்சும் முடியாது. ஒரே ஊர்ல ஒரே பேர்ல மூணு பேரு இருப்பாங்க. கடையில அவங்களை இனிஷியல், தோட்டம் இருக்குற இடம், பட்டப்பேருன்னு வச்சுத்தான் பிரிச்சுச் சொல்லுவோம். கணக்குப்பிள்ளைக்கு முகம் தெரியும். அவரு பார்த்து ஆமாம்னு சொன்னாத்தான் சரி.

வைகைவடகரை | புதன், இரவு 11:30

அதனாலதான் சொல்றேன், பதிவுப் படிவம் ரோலைக் குடுக்கக் கூடாது, கேட்டு வாங்கி வைக்க மட்டும்தான் செய்யணும். "நான் இந்தக் கடைக்குப் பூ போடுறவன், ஊர் இது"ன்னு அவரு சொல்றாரு. அது ஒரு விண்ணப்பம். நிலை: காத்திருப்பு. அந்த நிலையில இருக்குறவருக்குத் தன் பேரும் "கடையில உறுதி செய்யணும்"ங்கிற வரியும் தவிர எதுவும் தெரியக் கூடாது. விடியக்காலை அவரு பூவோட வரும்போது கணக்குப்பிள்ளை ஸ்கிரீன்ல அந்த விண்ணப்பம் நிக்கும். ஆளைப் பார்த்து, பேரேட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து, சரின்னு தட்டுவாரு. அப்பத்தான் அந்த நடு டேபிள்ல வரி விழும். மொதல்ல நான் சொன்ன "இன் விதியில ரெண்டு ரோல்" வேலிடேஷன் இப்ப விண்ணப்பத்துக்குப் போகுது, அம்புட்டுத்தான்.

கணக்குப்பிள்ளைக்கு இது தலைகீழ். அவரு விண்ணப்பிக்க வேண்டாம், முதலாளி அழைக்கணும். முதலாளி நம்பரைப் போட்டு அழைப்பு அனுப்புவாரு. லாராவெல்ல டெம்பரரி-சைன்டு-ரூட் இருக்கு, காலாவதி வச்சு லிங்க் உருவாக்கலாம். ஆனா நம்ம ஊர்ல லிங்க்னா வாட்ஸாப்ல நாலு குரூப்புக்குப் போயிரும். அதனால லிங்க்கை மட்டும் நம்பாம, எந்த நம்பருக்கு அழைப்போ அந்த நம்பர்ல ஓடிபி வந்தாத்தான் ஏத்துக்கணும். ஒரு தடவை பயன்படுத்தின அழைப்பு செத்துடணும்.

போன் நம்பர் பத்தி இன்னொண்ணு. ரீசார்ஜ் பண்ணாம விட்டு கட் ஆன நம்பரை, கட் ஆகி 90 நாள் கழிச்சு கம்பெனி வேற ஆளுக்குக் குடுக்கலாம். புது ஆள் சும்மா உங்க ஆப்ல ஓடிபி கேட்டா, பழைய விவசாயியோட முன்பணக் கணக்கு அவருக்குத் திறக்கும். நீண்ட நாளா உள்ள வராதவங்க திரும்ப வந்தா மறுபடி காத்திருப்புல போடுங்க. எப்படியும் பூ கொண்டுவர்றவரு கடைக்கு வரத்தானே போறாரு.

ஓடிபி எஸ்எம்எஸ்க்கு டிஎல்டியில (கம்பெனிங்க எஸ்எம்எஸ் அனுப்பப் பதிய வேண்டிய தளம்) டெம்ப்ளேட் பதிவு பண்ணிட்டீங்களா? அது இல்லாம எஸ்எம்எஸ் போகாது, அதுக்கே தனியா அலையணும். இப்பவே ஆரம்பிங்க.

தெப்பக்குளத்தார் | வியாழன், காலை 9:40

டாட்நெட்காரன், இருந்தாலும் ஒண்ணு சொல்லிக்கிறேன். ஏஎஸ்பி டாட்நெட் ஐடென்டிட்டில (மைக்ரோசாஃப்டோட லாகின் தொகுப்பு) ரோல் லாகின் ஆகும்போதே குக்கிக்குள்ள போயிடும். அப்புறம் நீங்க டேபிள்ல ரோலை மாத்தினாலும் அந்தக் குக்கியைப் புதுப்பிக்குற வரைக்கும் பழைய ரோல்தான். குக்கியைப் புதுப்பிக்குற செக்யூரிட்டி ஸ்டாம்ப் சரிபார்ப்பு இருக்கு, அதோட இயல்பான இடைவெளி 30 நிமிஷம். வேலைய விட்டு அனுப்பின கணக்குப்பிள்ளைக்கு அரை மணி நேரம் கடையில கைவைக்க நேரம் கிடைக்கும்னு அர்த்தம். லாராவெல்ல இது எப்படி?

ஃபயர்பேஸ்லயும் (கூகுளோட ஆப் சேவை) இதே கதை. கஸ்டம் கிளெய்ம்ல ரோல் வச்சா, ஐடி டோக்கன் ஒரு மணி நேரம் உயிரோட இருக்கும்.

வைகைவடகரை | வியாழன், காலை 10:05

லாராவெல் செஷன்ல யூசர் ஐடி மட்டும்தான் இருக்கும், ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் யூசரை டேபிள்ல இருந்து எடுக்கும். ரோலையும் அப்பவே டேபிள்ல இருந்து பார்த்தா மாத்தின அடுத்த கிளிக்லயே நடைமுறைக்கு வரும். சேங்க்டம் (லாராவெலோட டோக்கன் பேக்கேஜ்) டோக்கன் போட்டு மொபைல் ஆப் செய்யும்போதுதான் கவனம் வேணும். டோக்கன் உருவாக்கும்போது அபிலிட்டிஸ்ல (அந்த டோக்கனுக்குன்னு எழுதுற அனுமதிகள்) ரோலைத் திணிச்சா, அது அந்த டோக்கனோடயே உறைஞ்சு நிக்கும். அபிலிட்டிஸ்ல ரோல் வேண்டாம், இல்லைன்னா ரோல் மாறும்போது அவரோட டோக்கன் எல்லாத்தையும் அழிச்சுடுங்க.

ஜேடபிள்யூடி (விவரத்தைத் தனக்குள்ளயே சுமக்குற டோக்கன்) போட்டா இன்னும் மோசம். டோக்கன் காலாவதி ஆகுற வரைக்கும் உள்ள எழுதினது எழுதினதுதான், தனியாத் தடைப்பட்டியல் வச்சாத்தான் உண்டு.

சிம்மக்கல்வாசி | வியாழன், காலை 10:31

இம்புட்டுப் பேசுறீங்களே, நெசமா அந்தக் கடையில என்ன நடக்கும் தெரியுமா? மேசையில ஒரு டேப் (டேப்லெட்). முதலாளி காலையில லாகின் பண்ணி வச்சுட்டு டீ குடிக்கப் போயிருவாரு. எடை போடுறவன், கணக்குப்பிள்ளை, முதலாளி மச்சான் எல்லாரும் அதுலதான் தட்டுவாங்க. எல்லாரும் முதலாளி. உங்க ரோல், பாலிசி, கேட் எல்லாம் ஸ்டோர்ரூம்ல.

மண்டிக்காரர்மகன் | வியாழன், காலை 11:15

இவரு எங்க கடைய எட்டிப் பார்த்துட்டு வந்து எழுதுற மாதிரியே இருக்கு. அப்படியேதான்.

பூ வந்து இறங்குற நேரத்துல ஓடிபி அடிச்சு லாகின் பண்ணுன்னு சொன்னா ஆப்பைத் தூக்கி வீசிருவாங்க. மல்லி காத்திருக்காது. கை ஈரமா இருக்கும், ஸ்கிரீன் ஒழுங்கா எடுக்காது. நாலு பேரு எடை சொல்லுவாங்க, ஒருத்தர் தட்டுவாரு.

பிச்சிப்பூ | வியாழன், மதியம் 2:10

அப்ப டேப்பை ஒரு தனி ஆளா நினைச்சுப் பாருங்க. அந்த டேப்புக்குன்னு ஒரு லாகின், அதுக்கு எடை பதியுற அனுமதி மட்டும். முதலாளி கணக்கு அதுல லாகின் ஆகவே வேண்டாம். ஆளுக்கு 4 இலக்க பின். பின் தட்டினா சிட்டையில அவரு பேரு விழும். விலை திருத்தம், கழிவு, முன்பணம் மூணும் அந்த டேப்ல வேலையே செய்யாது, முதலாளி தன் போன்லதான் செய்யணும். பின் 4 இலக்கம்தானே, யூகிச்சுரலாமேன்னு கேப்பீங்க. அந்த டேப்ல மட்டும் செல்லும்னு வைங்க, தப்பாத் தட்டினா கொஞ்ச நேரம் பூட்டுங்க. மேசையில இருக்குற டேப்பைத் தூக்கிட்டு ஓடுற ஆளைவிட, "சும்மா ஒரு அஞ்சு ரூபா மாத்திவிடுப்பா"ன்னு கேக்குற மச்சான்தான் இங்க நிஜமான ஆபத்து.

சிம்மக்கல்லார் சொன்னது கிண்டலா இருந்தாலும் அது டிசைன் குறை. வேலை நடக்குற வேகத்துக்கு லாகின் ஒத்துவரலைன்னா, ஜனங்க குறுக்கு வழி தேடத்தான் செய்வாங்க.

சிம்மக்கல்வாசி | வியாழன், மதியம் 2:26

இது எனக்குப் பிடிச்சிருக்கு. டேப்புக்கு ரோல் குடுக்குறது, நல்ல யோசனை.

ஆடிக்காத்து | வியாழன், மாலை 4:00

பூ மார்க்கெட்காரங்க நிறையப் பேரு இருக்கீங்க போல. இன்னைக்கு மல்லி கிலோ என்ன விலைங்க? வீட்ல விசேஷம்.

நெறியாளர் | வியாழன், மாலை 4:12

விலை கேள்விக்குப் பொதுப்பகுதி இருக்கு, அங்க கேளுங்க. இங்க ரோல் மட்டும்.

மல்லிக்கணக்கு | வியாழன், இரவு 9:20

எல்லாருக்கும் நன்றி. எழுத ஆரம்பிச்சுட்டேன். ரெண்டு கேள்வி மிச்சம். ஒண்ணு, மொத முதலாளி எப்படி உருவாகுறாரு? பதிவும் கிடையாது, அழைக்க ஆளும் கிடையாது. மொதல்ல பதிவு பண்றவரை முதலாளி ஆக்கிடலாமா? ரெண்டு, விண்ணப்பத்தை ஏத்துக்கும்போது யூசர், உறுப்பினர் வரி (அந்த நடு டேபிள்ல விழுறது), பேரேட்டு இணைப்பு மூணும் எழுதணும். நடுவுல நெட் போயிட்டா?

வைகைவடகரை | வியாழன், இரவு 10:40

மொதல்ல வர்றவர் முதலாளிங்கிறது வேண்டவே வேண்டாம். டிப்ளாய் பண்ணிட்டு நீங்க சாப்பிடப் போன நேரத்துல ஒரு பாட் (தானா ஓடுற புரோகிராம்) வந்து பதிவு பண்ணிரும். ஆர்ட்டிசன் கமாண்ட் (சர்வர்ல கையால ஓட்டுற லாராவெல் கட்டளை) ஒண்ணு எழுதுங்க: கடை பேரு, முதலாளி போன் ரெண்டையும் வாங்கி வரியப் போடட்டும். சர்வருக்குள்ள வர முடிஞ்சவர்தான் கடை திறக்க முடியும். ரெண்டாவது கடைக்கும் அதே கமாண்ட். ரோல் பெயர்களை ஈனம்ல வச்சுட்டா சீடர் (டேபிள்ல தொடக்க வரிகளைப் போடுற கோடு) தேவைப்படாது; ஸ்பாட்டி போட்டா சீடர் கட்டாயம், ஏன்னா இல்லாத ரோலை அசைன் பண்ணா எக்செப்ஷன் எறியும். கார்டு (guard, எந்த வழியா லாகின்ங்கிறது) பேரு வெப், ஏபிஐன்னு மாறியிருந்தாலும் அந்த ரோல் இல்லைன்னுதான் சொல்லும்.

ரெண்டாவதுக்கு, மூணையும் ஒரே டிபி-டிரான்சாக்ஷன்ல போடுங்க. ஒண்ணு விழுந்தா மூணும் விழும். ஒரு நுணுக்கம்: "உங்க கணக்கு உறுதியாச்சு"ன்னு எஸ்எம்எஸ் அனுப்புற ஜாப்பை டிரான்சாக்ஷனுக்குள்ள இருந்து க்யூவுல (பின்னணியில ஓடுற வேலை வரிசை) போட்டா, கமிட் ஆகுறதுக்கு முன்னாடியே க்யூ அதை எடுத்து ஓட்டிரலாம். வரி இன்னும் இல்ல, ஜாப் ஃபெயில். க்யூ கான்ஃபிக்ல ஆஃப்டர்-கமிட் ஆன் பண்ணுங்க.

தெப்பக்குளத்தார் | வியாழன், இரவு 10:58

ஜாங்கோ (பைத்தான் மொழி ஃப்ரேம்வொர்க்) ஆளுங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வார்த்தை. அங்க கஸ்டம் யூசர் மாடலை ப்ராஜெக்ட் தொடக்கத்துலயே வைங்கன்னு டாக்குமென்டேஷனே அழுத்திச் சொல்லுது, நடுவுல மாத்துறது பெரும்பாடு. ஃபார்ம்ல ஃபீல்ட்ஸுக்கு ஆல்னு போடுறதும் இந்த ரிக்வெஸ்ட்-ஆல் கதையேதான். நிர்வாகி உரிமையைக் குறிக்குற ஈஸ்-ஸ்டாஃப், ஈஸ்-சூப்பர்யூசர் ரெண்டும் அந்த மாடல்லதான் உக்காந்திருக்கு.

மல்லிக்கணக்கு | சனி, காலை 11:25

இப்போதைய நிலை: யூசர்ஸ்ல ரோல் ஃபீல்டு போயிருச்சு. உறுப்பினர் டேபிள் வந்துருச்சு, கடை ஐடியோட. விவசாயிக்கு விண்ணப்பம், கணக்குப்பிள்ளைக்கு அழைப்பு, முதலாளிக்குக் கமாண்ட். ஸ்பாட்டி போடல, ஈனம்தான், சிம்மக்கல் அண்ணனுக்கு அதுல ஒரு மார்க். டேப்புக்குத் தனி லாகின் வைக்கலாம்னு முதலாளிகிட்ட சொன்னேன். "அப்ப என் மச்சான் விலைய மாத்த முடியாதா?"ன்னு கேட்டாரு. முடியாதுன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சரி, போடு"ன்னுட்டாரு.

ஒண்ணே ஒண்ணு. வியாபாரிங்களுக்கும் இதே விண்ணப்ப முறை வைக்கலாமா? அவங்கள்ல சில பேரு வெளியூரு, கடைக்கு நேர்ல வர்றதே இல்ல. போன்ல சொல்லுவாங்க, பஸ்ல பூ போகும்.

மண்டிக்காரர்மகன் | சனி, மதியம் 12:40

அவங்களைக் கணக்குப்பிள்ளை முகம் பார்த்துச் சரிபார்க்க முடியாது. ஆனா முதலாளி தினமும் போன்ல பேசுற ஆளுங்க அவங்க, குரல் தெரியும், நம்பர் அவரு போன்லயே இருக்கும். கணக்குப்பிள்ளை மாதிரியே அவங்களையும் முதலாளி அழைக்கட்டும். நேர்ல வந்து எடுக்குற உள்ளூர் வியாபாரிக்கு விண்ணப்பம் போதும். பாக்கி வச்சுட்டுக் காணாமப் போனவங்க பேரு பேரேட்டுல இருக்கும், அவங்க திரும்ப விண்ணப்பிச்சா கணக்குப்பிள்ளைக்கு விடாம முதலாளி ஸ்கிரீனுக்கே போற மாதிரி வைங்க. அதுக்கு எங்க அப்பாவே காசு குடுத்து இந்த ஆப்பை வாங்குவாரு.

மல்லிக்கணக்கு | சனி, மதியம் 12:52

நம்பர் இன்பாக்ஸ்ல அனுப்புங்கண்ணே. கமாண்ட் ரெடியாத்தான் இருக்கு.